பழைய கணக்கை ஏற்றும்போது ட்ரிக்கரையும் கன்ஸ்ட்ரெயின்ட்டையும் நிறுத்தி வைப்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டிக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சீசனுக்கு முன்னால் எக்ஸெலில் இருந்த பழைய லோடு கணக்கை எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்துக்குள் ஏற்ற வேண்டியிருந்தது. 'விவசாயி' டேபிளில் இல்லாத எண்ணை 'லோடு' டேபிளின் ஃபாரின் கீ ஏற்காது; தவறான பதிவைத் தடுக்கும் இப்படிப்பட்ட விதிதான் கன்ஸ்ட்ரெயின்ட். பட்டியலோ இன்னும் முழுதாகவில்லை. போதாததற்கு, லோடு பதிவானதும் தானாக ஓடி விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு ட்ரிக்கர். போன வருடத்து பெங்களூரா மாங்காய் லோடுக்கு இன்றைக்கு எஸ்எம்எஸ் போனால் மண்டி வாசலில் கூட்டம் கூடிவிடும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் பேக்கப். மண்டி சாத்தியபின் ஆரம்பியுங்கள். நிறுத்துவது உங்கள் ஒருவருக்கு மட்டுமல்ல, அந்த டேபிளில் பதிவு போடும் எல்லோருக்கும்தான்.

அடுத்து ட்ரிக்கர்: 'டிஸேபிள் ட்ரிக்கர் எஸ்எம்எஸ்_அனுப்பு ஆன் லோடு'. முந்தைய கட்டளை அரைப்புள்ளியோடு முடிந்திருக்க வேண்டும். 'ஆல்' போட்டு எல்லா ட்ரிக்கரையும் நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. தேவையானதன் பெயரையே எழுதுங்கள்.

அப்புறம் 'ஆல்டர் டேபிள் லோடு நோசெக் கன்ஸ்ட்ரெயின்ட் ஆல்'. இதில் ஃபாரின் கீயும், மதிப்பைச் சோதிக்கும் 'செக்' விதியும்தான் நிற்கும். ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் பிரைமரி கீ, யுனீக் இரண்டும் காவலில்தான் இருக்கும்.

சரி, கணக்கை ஏற்றியாயிற்று. இனிமேல்தான் கவனம்.

நான் திரும்ப இயக்க 'செக் கன்ஸ்ட்ரெயின்ட் ஆல்' என்று மட்டும் எழுதினேன். பிழை எதுவும் வரவில்லை. பட்டுவாடா அன்று காவேரிப்பட்டணத்துப் பெரியவர் ஒருவர் மடித்து மடித்து நைந்த சீட்டோடு வந்தார். அவர் லோடு கணக்கில் இருந்தது, எடையும் சரி, விவசாயி பெயர் மட்டும் வெற்று. அந்த எண்ணே 'விவசாயி' டேபிளில் இல்லை. அந்தக் கட்டளை இனி வரும் வரிசைகளைத்தான் சோதிக்கும், உள்ளே வந்துவிட்டவற்றைத் திரும்பிப் பார்க்காது. எழுத வேண்டியது இது:

'ஆல்டர் டேபிள் லோடு வித் செக் செக் கன்ஸ்ட்ரெயின்ட் ஆல்'

'செக்' இரண்டு முறை வரும், தட்டச்சுப் பிழை இல்லை. 'வித் செக்' பழையதையும் சோதி என்கிறது, அடுத்த 'செக்' இயக்கு என்கிறது. 'விவசாயி' டேபிளில் இல்லாத எண்ணோடு அனாதை வரிசை ஒன்று இருந்தாலும் கட்டளை நின்றுவிடும். எவை என்று பார்க்க 'டிபிசிசி செக்கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் வித் ஆல்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்' ஓட்டுங்கள், பட்டியலே தரும். 'வித்' பகுதி இல்லையென்றால் நின்றிருக்கும் கீயைச் சோதிக்காது. கடைசியாக 'சிஸ்.ஃபாரின்_கீஸ்' பார்வையில் 'இஸ்_நாட்_ட்ரஸ்டட்' பூஜ்யமா என்று பாருங்கள். 1 என்றால் சர்வர் அந்தக் கீயை நம்பவில்லை, வினவலை வேகப்படுத்தவும் அதைப் பயன்படுத்தாது.

பிறகு 'எனேபிள் ட்ரிக்கர்'. நிறுத்தும் வரியை எழுதும்போதே இயக்கும் வரியையும் அதே கோப்பில் எழுதிவிடுங்கள். மவுஸில் வலது கிளிக் செய்து நிறுத்தினால், திரும்ப இயக்க மறந்துபோகும்.

பின்சேர்க்கை: நோசெக் போட்டும் 'விவசாயி' டேபிளை ஒரேயடியாகக் காலி செய்யும் ட்ரங்கேட் கட்டளை ஓடவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓடாது. ஃபாரின் கீ நின்றிருந்தாலும், அது சுட்டும் டேபிளை ட்ரங்கேட் செய்ய சர்வர் விடாது. டெலீட் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்தக் கீயை நீக்கிவிட்டு வேலை முடிந்ததும் மறுபடி உருவாக்குங்கள்.