சிங்கப்பூரில் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது? புதியவர்களுக்குப் படிப்படியாக

போலீஸ், கைது என்றாலே நம்மில் பலருக்குத் தெரிந்தது சினிமாவில் பார்த்ததுதான். "வக்கீல் வராமல் வாயைத் திறக்க மாட்டேன்" என்பான் கதாநாயகன். அதிகாரியும் பேசாமல் இருந்துவிடுவார். சிங்கப்பூர்ச் சட்டம் அப்படி இல்லை. அதற்காக, கேட்பதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பதும் இல்லை. உங்களுக்கு உரிமைகள் உண்டு. அவற்றில் முக்கியமானவை தெருவில் வேலை செய்வதைவிட, வாக்குமூலம் எழுதும் மேசையில்தான் அதிகம் வேலை செய்கின்றன. அதனால் இந்த விளக்கத்தில் ஐந்தாவது படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

முதல் படி: வந்திருப்பவர் யார் என்று பாருங்கள்

சீருடையில் இருந்தால் சந்தேகமில்லை. சாதாரண உடையில் வந்தால், "சார், உங்கள் வாரண்ட் கார்டைப் பார்க்கலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சீருடையில் இல்லாத அதிகாரி தான் போலீஸ் என்று சொல்லி அட்டையைக் காட்டவேண்டும் என்பது சட்டம். படத்தையும் பெயரையும் பாருங்கள். ஐயம் தீரவில்லை என்றால் 999ஐ அழைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

போனில் "நான் போலீஸ் பேசுகிறேன்" என்று சொல்லிப் பணம் மாற்றச் சொன்னாலோ, வங்கி விவரம் கேட்டாலோ, அது மோசடி. இங்கே எந்த அரசாங்க அதிகாரியும் போனில் பணம் மாற்றச் சொல்ல மாட்டார். போனை வைத்துவிட்டு 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

இரண்டாவது படி: அடையாள அட்டையைக் கொடுங்கள்

இதில் வாக்குவாதம் வேண்டாம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஐசியைக் காட்டவேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் அண்ணன், தம்பிகளுக்கு, பெர்மிட்டை எப்போதும் கையில் வைத்திருப்பதே ஒரு நிபந்தனை. முதலாளியோ ஏஜென்டோ உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் அது அவர்கள் பக்கத் தவறு. மனிதவள அமைச்சிடம் சொல்லலாம்.

பெயரையும் முகவரியையும் மாற்றிச் சொல்லாதீர்கள். சின்னக் குற்றமாக இருந்து, வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத நிலையிலும்கூட, பெயர், முகவரி சொல்ல மறுத்தால் கைது செய்யலாம். அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம்.

மூன்றாவது படி: காரணம் கேளுங்கள், கையையும் வாயையும் அடக்குங்கள்

"எதற்காக நிறுத்தினீர்கள், சார்?" என்று கேட்பதில் தப்பில்லை. உதாரணத்துக்கு, சனிக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கத்துத் திடலில் நண்பர்களோடு உட்கார்ந்து பியர் டின்னைத் திறக்கிறீர்கள். ஊர் முழுக்க இரவு 10.30 முதல் காலை 7 மணி வரைதான் பொது இடத்தில் குடிக்கத் தடை. ஆனால் லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை அந்தத் தடை நீடிக்கிறது. பொது விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையிலும் தொடங்கிவிடும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015ல் வந்த சட்டம் இது. பொதுவாக முதல் முறை பிடிபட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம்; இந்த இரண்டு பகுதிகளிலும் அதற்கு மேலும் போகலாம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

பேச்சு முற்றி அதிகாரியை ஏசினால் சின்ன விஷயம் பெரிய வழக்காகிவிடும். பணியில் இருக்கும் அரசு ஊழியரை இழிவாகப் பேசினால் 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "காப்பி காசு" கொடுத்துச் சமாளிக்கலாம் என்ற நினைப்பே வரக்கூடாது. லஞ்சம் கொடுக்க முன்வருவதே குற்றம்; 100,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை.

சோதனையிடும்போது தட்டிவிடாதீர்கள். பெண்களைப் பெண் அதிகாரிதான் சோதிக்கவேண்டும். ஆண் அதிகாரி கை வைத்தால் பெண் அதிகாரியைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கு மூச்சுச் சோதனை, போதைப்பொருள் சந்தேகம் இருந்தால் சிறுநீர்ச் சோதனை: இந்த இரண்டையும் தகுந்த காரணமின்றி மறுப்பதே குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போய்ப் போதைப்பொருள் எடுத்தாலும் இங்கே குற்றம்தான்.

நான்காவது படி: கைது செய்துவிட்டால்

என்ன காரணத்துக்காகக் கைது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தவேண்டும். இது காணொளி வழியாகவும் நடக்கலாம். அதற்கு மேல் காவலில் வைக்க நீதிபதியின் உத்தரவு வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கவும் உரிமை உண்டு. இவை அரசியலமைப்பின் 9ஆவது பிரிவில் இருப்பவை.

ஆனால் வழக்கறிஞர் உடனே வரவேண்டும் என்பதில்லை. "நியாயமான காலத்துக்குள்" என்பதுதான் நீதிமன்றங்களின் விளக்கம். ஆகவே முதல் விசாரணையில் பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். இதைத் தெரிந்துகொண்டால்தான் அடுத்த படி ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும்.

ஐந்தாவது படி: வாக்குமூலம்

விசாரணையில் இரண்டு வகை வாக்குமூலம் வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, நடந்ததை விசாரித்து எழுதுவது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு. தெரிந்ததை உண்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் உங்கள்மேல் குற்றச்சாட்டு வரக்கூடிய எதையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. இந்த உரிமையை அதிகாரி எடுத்துச் சொல்லவேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. நீங்களாகத் தெரிந்து வைத்திருக்கவேண்டும். அப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம், பொய் சொல்லக்கூடாது.

இரண்டாவது, குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிவிட்டு எடுப்பது. 23ஆவது பிரிவு. இதில் ஓர் எச்சரிக்கை வரும்: உங்கள் தரப்பு நியாயத்தை இப்போது சொல்லாமல் விட்டு, கோர்ட் விசாரணையில் முதல்முறையாகச் சொன்னால், நீதிபதி நம்புவது குறையலாம். அதனால் நியாயமான காரணம் இருந்தால் இங்கேயே சொல்லிவிடுங்கள். "அந்த நேரத்தில் நான் டார்மில் (ஊழியர் விடுதியில்) இருந்தேன், அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்" என்பது போன்ற விஷயத்தைக் கோர்ட்டுக்கு என்று சேர்த்து வைக்காதீர்கள்.

இப்போது கையெழுத்து. எழுதியதை உங்களுக்குப் படித்துக் காட்டவேண்டும். ஆங்கிலம் புரியாவிட்டால் உங்களுக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்று வெட்கப்பட்டுச் சமாளிக்காதீர்கள். "சார், எனக்குத் தமிழில் சொல்லவேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஒரு உதாரணம். நீங்கள் சொன்னது: "பையை நண்பன் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னான்." எழுதியிருப்பது: "பை என்னிடம் இருந்தது." எழுதியதில் பொய் இல்லை, ஆனால் உங்களைக் காப்பாற்றும் பாதி காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில் நிறுத்துங்கள். "நண்பன் கொடுத்தது என்பதையும் சேர்க்கவேண்டும்" என்று கேளுங்கள். திருத்தியதை மறுபடியும் படிக்கச் சொல்லுங்கள். பசியாக இருந்தாலும், வீட்டுக்குப் போகும் அவசரம் இருந்தாலும், திருத்தம் ஏறாமல் கையெழுத்து வேண்டாம். பின்னால் கோர்ட்டில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று கோர்ட் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

மிரட்டியோ, ஆசை காட்டியோ, "ஒப்புக்கொண்டால் விட்டுவிடுவேன்" என்று சொல்லியோ வாங்கிய வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்காமல் விடலாம். அப்படி நடந்தால் யார், எப்போது, என்ன சொன்னார் என்று முதல் வாய்ப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

சிறு வயதுப் பிள்ளைகளை விசாரிக்கும்போது, பயிற்சி பெற்ற ஒரு தன்னார்வப் பெரியவர் கூட இருக்கும் ஏற்பாடு 2017 முதல் இருக்கிறது. பெற்றோர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

போன் விஷயம்: வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றத்தை விசாரிக்கும்போது போனைப் பறிமுதல் செய்யவும், பாஸ்வேர்டு கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. உட்கார்ந்த இடத்தில் மெசேஜ்களை அழிக்காதீர்கள். அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும்.

ஆறாவது படி: உதவி

குடிமக்களும் நிரந்தரவாசிகளும், வருமானத் தகுதி இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய பப்ளிக் டிஃபெண்டர்ஸ் ஆபீஸை (குற்ற வழக்குகளில் வாதாட வழக்கறிஞர் தரும் அரசாங்க அலுவலகம்) நாடலாம். மரண தண்டனை வரக்கூடிய வழக்கு என்றால், எந்த நாட்டவராக இருந்தாலும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யப்படும். வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் வழி காட்டும். இந்தியக் குடிமக்கள் ஹைகமிஷனுக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம்.

ஏழாவது படி: முறையாக நடத்தவில்லை என்றால்

அங்கேயே சண்டை போடாதீர்கள். அதிகாரியின் பெயர், இடம், நேரம், பக்கத்தில் இருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றிரவே எழுதி வையுங்கள். காயம் இருந்தால் உடனே டாக்டரைப் பார்த்துச் சான்று வாங்குங்கள். பிறகு காவல்துறைக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். அதிகாரிகள் மீதான கடுமையான புகார்களை விசாரிக்க உள்விவகாரப் பிரிவு இருக்கிறது. ரோந்து அதிகாரிகள் பலர் உடையில் கேமரா மாட்டியிருப்பார்கள். அந்தப் பதிவைப் பார்க்கும்படி புகாரிலேயே கேட்டு, சம்பவம் நடந்த நேரத்தைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.