விளம்பர லாரித் தொழில்: முதலில் அது லாரி, அப்புறம்தான் பலகை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் எரியத் தொடங்கினால் எனக்கும் அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பாதிப் பேர் நகைக்கடை, சேலைக்கடை, கேட்டரிங் என்று விளம்பரம் போடக் கேட்பவர்கள். மீதிப் பேர், "அண்ணே, நானும் ஒரு லாரி வாங்கி, ரெண்டு பக்கமும் பலகை அடிச்சு ஓட்டலாம்னு பாக்குறேன், எப்படி?" என்று விசாரிப்பவர்கள். நன்றாகப் பேசுவார்கள், வடிவமைப்பு தெரியும், வாடிக்கையாளர் கையில் இருப்பார். லாரியைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அதுக்கென்ன, ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்" என்பார்கள்.

நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அந்த "அதுக்கென்ன"வில்தான் சுட்டுக்கொண்டார்கள். நானும் அதில் ஒருவன்.

லாரி வாங்கும் நாளிலேயே

சிங்கப்பூரில் லாரியின் விலை பாதி இரும்புக்கு, பாதி காகிதத்துக்கு. வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய அனுமதிதான் வாகன உரிமைச் சான்றிதழ். சரக்கு வாகனங்களுக்கான அதன் சி பிரிவு விலை அண்மை ஆண்டுகளில் பல ஏலங்களில் 60,000 வெள்ளியைத் தாண்டிப் போயிருக்கிறது. அதனால் புதிதாக வருபவர்கள் பழைய லாரியைத் தேடுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் பத்து வயதைத் தாண்டிய சரக்கு வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. அதற்கு முன் ஆண்டுக்கு ஒருமுறைதான். சோதனையில் ஒரு பிரேக் கோளாறு வந்தாலும் லாரி பட்டறையில் நிற்கும், வாடிக்கையாளரின் விளம்பரமும் சேர்ந்து நிற்கும். தீபாவளிக்கு முந்திய வாரம் சோதனைத் தேதி விழுகிற லாரியை வாங்காதீர்கள். சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு நடந்திருக்கிறது.

அடுத்தது எடை. நாங்கள் முதலில் வாங்கியது ஒரு பதினாலடி லாரி. நானும் மச்சானும் பட்டறைக்காரரிடம் கொடுத்து, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம், பின்னால் ஒரு எல்இடி திரை, அதற்கு ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றினோம். பார்க்க ஜம்மென்று இருந்தது. எடை போட்டபோதுதான் முகம் மாறியது. சரக்கில்லாத எடை 2,500 கிலோவைத் தாண்டினால் கிளாஸ் 3 லைசென்ஸ் போதாது, கிளாஸ் 4 வேண்டும். எங்கள் டிரைவரிடம் இருந்தது கிளாஸ் 3. கிளாஸ் 4 ஆள் கிடைக்கும்வரை லாரி சும்மா நின்றது. அவருக்குச் சம்பளமும் கூடுதல். ஜெனரேட்டரைக் கழற்றி, சட்டத்தை அலுமினியத்துக்கு மாற்றியிருந்தால் அத்தனையும் தேவைப்பட்டிருக்காது.

ஏற்றும் எடையோடு சேர்த்த மொத்த எடை 5,000 கிலோவைத் தாண்டினால் இன்னொரு தலைவலி. கனரக வாகனம் என்று கணக்கு. இரவில் நிறுத்த இடம் இருப்பதற்கான நிறுத்துமிடச் சான்றிதழ் இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வீட்டுக்குக் கீழே கார்பேட்டையில் விட்டுவிட்டுப் போய்ப் படுக்கிற கதை அங்கே நடக்காது. கனரக வாகன நிறுத்துமிடம் வீட்டிலிருந்து தூரம் என்றால், காலையில் டிரைவர் லாரியிடம் போய்ச் சேர்கிற நேரமும் உங்கள் செலவுதான்.

ஆகவே வெல்டிங் தீப்பொறி பறப்பதற்கு முன்பே வரைபடத்தோடு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுவிடுங்கள். உடற்பகுதியை மாற்றினால் ஒப்புதல் வேண்டும். அடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நகரும் படம் ஓடும் திரை என்றால் இன்னும் ஒரு படி கவனம்: எதை, எப்போது, ஓடும்போதா நிற்கும்போதா காட்டலாம் என்று எழுத்துபூர்வமாகப் பதில் வாங்கிய பிறகு திரைக்குப் பணம் கட்டுங்கள். திரை விற்பவர் "எல்லாரும் ஓட்டுறாங்க" என்பார். அபராதக் கடிதம் அவர் பெயருக்கு வராது.

கிலோமீட்டரை விற்காதீர்கள்

பெரும்பாலான விலைப்புள்ளிகளில், "நாளுக்கு எட்டு மணி நேரம், தீவு முழுவதும்" என்று இருக்கும். கேட்க நன்றாக இருக்கும். தீவு விரைவுச்சாலையில் லாரி 60-ல் போகிறது, பக்கத்துத் தடத்தில் கார் 90-ல் வருகிறது என்று வையுங்கள். வேக வித்தியாசம் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது விநாடிக்குச் சுமார் எட்டு மீட்டர். பின்னால் ஐம்பது மீட்டரில் கண்ணில் படத் தொடங்கினால், ஆறு விநாடியில் கார் உங்களைக் கடந்துவிடும். அந்த ஆறு விநாடியிலும் அவர் பார்ப்பது பெரும்பாலும் லாரியின் பின்பக்கத்தை. பக்கவாட்டுப் பலகை அவருக்கு ஒரு சாய்ந்த கோடுதான்.

இதில் இரண்டு பாடம். ஒன்று, விரைவுச்சாலை ஓட்டம் டீசலுக்குத்தான் நல்லது. இரண்டு, பின்கதவு. நிறையப் பேர் அதைக் காலியாக விடுவார்கள், அல்லது "விளம்பரத்துக்கு அழைக்கவும்" என்று தங்கள் எண்ணையே போட்டுக்கொள்வார்கள். நெரிசலில் உங்கள் பின்னால் மாட்டிக்கொண்ட ஓட்டுநர் ஐந்து நிமிடம் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். லாரியிலேயே விலை அதிகம் வைக்க வேண்டிய இடம் அதுதான். விளக்குகளையும் எண் பலகையையும் மறைக்காமல் இருந்தால் சரி.

நகருக்குள் வந்தால் கணக்கு வேறு. ஒரு தீபாவளிக்கு இடப்புறப் பலகையை ஒரு சேலைக்கடைக்கும் வலப்புறத்தை ஒரு டியூஷன் நிலையத்துக்கும் கொடுத்திருந்தோம். சிராங்கூன் சாலை தேக்கா பக்கத்தில் ஒருவழி. வடக்கே ஏறி, ஜாலான் புசார் வழியாகத் தெற்கே இறங்கிச் சுற்றினோம். மூன்றாம் நாள் சேலைக்கடை முதலாளி போன் செய்தார். "தம்பி, நான் லிட்டில் இந்தியா ஆர்க்கேட் அஞ்சடி நடைபாதையில ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். உங்க லாரி மூணு தடவை போயிருச்சு. எனக்கு டியூஷன் சென்டர்தான் தெரியுது, என் சேலை எங்க?"

அவர் சொன்னது சரி. கடிகாரச் சுற்றில் போனால் வலப்புறப் பலகை எப்போதும் சுற்றின் உள்பக்கத்தை மட்டுமே பார்க்கும்: ஆர்க்கேட், சையது ஆல்வி சாலை, முஸ்தபா பக்கம். இடப்புறப் பலகை வெளிப்பக்கத்தைப் பார்க்கும்: தேக்கா நிலையம், வீரமாகாளியம்மன் கோயில், பெருமாள் கோயில். நூறு சுற்று போனாலும் அது மாறாது. சேலை வாங்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், பலகையை மாற்றி மாட்டியிருப்போம். இப்போதெல்லாம் பாதையை வரைந்து, ஒவ்வொரு தெருவிலும் எந்தப் பலகை எந்த அஞ்சடியைப் பார்க்கிறது என்று பென்சிலில் குறித்த பிறகே விலை சொல்கிறேன்.

பேருந்துத் தடமும் இதில் வரும். வாரநாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை அந்தத் தடத்தில் போக முடியாது. சில சாலைகளில் முழுநாள் தடம், இரவு 11 வரை. எல்லாரும் தெருவில் இருக்கும் நேரத்தில் உங்கள் லாரி நடைபாதையிலிருந்து ஒரு தடம் தள்ளி, பேருந்துக்குப் பின்னால் மறைந்து போய்க்கொண்டிருக்கும்.

சாலை வளைவைக் கடக்கும்போது தானாகக் கழியும் இஆர்பி கட்டணத்தை மறந்துவிட்டு விலை சொல்வது இன்னொரு வழக்கமான தவறு. சுற்றுப்பாதை என்றால் ஒரே வளைவின் கீழ் ஐந்து முறை போவீர்கள், ஐந்து முறையும் கழியும். இலகுரக சரக்கு வாகனத்துக்குக் காரின் கட்டணம், அதற்கு மேல் கனரகம் என்றால் ஒன்றரை மடங்கு. கட்டணமும் அரை மணிக்கு ஒருமுறை மாறும். பத்து நிமிடம் தள்ளிப் போனால் போதும் என்று டிரைவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவரே பார்த்துக்கொள்வார்.

மழையும் அப்படித்தான். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை இங்கே வழக்கம், தீபாவளியும் அதே சமயம். மூன்று மணி முதல் ஆறு மணி வரை ஓட்டம் போட்டுக் கொடுத்தால், மழையில் தலை குனிந்து ஓடுகிறவர்களுக்குத்தான் விளம்பரம் காட்டுவீர்கள். இங்கே ஆண்டு முழுவதும் ஏழு மணி வாக்கில் இருட்டிவிடும். நான் ஆறரைக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிப்பேன், மழை நாளுக்கு மாற்று நாள் ஒப்பந்தத்திலேயே இருக்கும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி போகும் பாதையில் ஓட்ட ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம்.

பலகையில் என்ன எழுதுவது

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. சாலைக்கு அந்தப் பக்கம், நூறடியில் இருப்பவருக்குப் பத்து அங்குல எழுத்து வேண்டும். அப்படி எழுதினால் பலகையில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் பிடிக்காது. பிடிக்கவும் கூடாது. வாடிக்கையாளர் மூன்று கிளை முகவரி, எட்டு இலக்க எண் இரண்டு, ஒரு கியூஆர் குறியீடு என்று அனுப்புவார். குறியீட்டை ஸ்கேன் செய்ய, தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். முப்பது சென்டிமீட்டர் குறியீடு மூன்று மீட்டரில்தான் வேலை செய்யும். மூன்று மீட்டரில் ஓடும் லாரியை யார் ஸ்கேன் செய்வார்? காரோட்டி கைப்பேசியைக் கையில் எடுத்தாலே குற்றம்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது, மென்பொருளுக்கும் சில சமயம் தெரியாது. ஒருமுறை அச்சிலிருந்து வந்த ஸ்டிக்கரை லாரியில் ஒட்டி முடித்து, பின்னால் நகர்ந்து பார்த்தால் "ெபாங்கல்" என்று இருக்கிறது. கொம்பு முன்னால் தனியாக நிற்கிறது, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம். வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காமல் விட்டதுதான் காரணம். திரையில் சரியாக வந்ததும் எழுத்தை வடிவமாக மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும். அச்சகத்தின் கணினியில் அது குலையாது. மொழிபெயர்ப்பைக் கருவியிடம் விடுவதும் ஆபத்து. 2014-ல் லாவ் பா சாட் உணவு நிலையத்தின் பெயரை ஒரு வழிகாட்டிப் பலகையில் "லாவ் பா சனி" என்று போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் சாட் என்றால் சனிக்கிழமையின் சுருக்கம் அல்லவா! அது நின்ற பலகை. நம்முடையது ஊரெல்லாம் சுற்றும்.

எந்தப் பணத்தை வாங்கக் கூடாது

புகையிலை விளம்பரத்துக்கு இங்கே சட்டப்படி தடை, அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதவை வேறு. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்கள்கூடத் தங்கள் கடை முகப்பு, சொந்த இணையத்தளம், வணிக விவரத் தொகுப்பு ஆகியவற்றில் மட்டுமே விளம்பரம் செய்யலாம். லாரியில் முடியாது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ரொக்கமாகத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அப்போதே உஷாராகுங்கள்.

பானக்கடைகளும் அப்படி. சர்க்கரை, கொழுப்பைப் பொறுத்துப் பானங்களைத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறையில் 'டி' தரம் பெற்ற பானத்துக்கு விளம்பரத் தடை 2022 டிசம்பர் 30-ல் வந்தது. கடையில் உடனே கலந்து தரும் பானங்களுக்கும் அடுத்த ஆண்டு இறுதியில் விரிந்தது. பப்பிள் டீக் கடைக்காரர் அதிக இனிப்புள்ள புதுச் சுவையைப் பலகையில் போடச் சொன்னால், தரம் என்ன என்று முதலில் கேளுங்கள். சொத்து முகவர் என்றால் பதிவு எண்ணும் நிறுவன உரிம எண்ணும் விளம்பரத்தில் இருக்க வேண்டும். மருந்தகம், சிகிச்சை நிலையம் என்றால் அவர்களே தங்கள் விதிகளைப் பார்த்து எழுத்தில் உறுதி தரட்டும்.

பாட்டுப் போடலாமா என்று கேட்பார்கள். சினிமாப் பாட்டுக்கு உரிமம் வேண்டும், அக்கம்பக்கத்தார் புகாரும் வரும். நான் போடுவதில்லை. நிற்கும்போது எஞ்சினை ஓடவிட்டுத் திரையை எரிய வைப்பதும் கூடாது. நின்ற வண்டியில் எஞ்சின் ஓடுவது குற்றம், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடும். திரைக்குத் தனி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஓடியதற்கு ஆதாரம். ஜிபிஎஸ் தடம் மட்டும் அனுப்பினால், "லாரி போனது சரி, என் பலகை அதில் இருந்ததா?" என்று கேட்பார்கள். எங்கள் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி ஒரு படம் எடுப்பார். பலகையோடு பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணும் அதே படத்தில் தெரிய வேண்டும். அந்தச் சேலைக்கடை முதலாளிக்கு அடுத்த ஆண்டு அப்படி நாற்பது படம் அனுப்பினோம். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அஞ்சாவது படத்துல சேலை ஓரம் மடிஞ்சிருக்கு, ஒட்டச் சொல்லுங்க" என்றார்.