முதல் உலகப் போர்க்கால மருத்துவம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 முதல் 1918 வரை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்குகுழிகளில் அடிபட்ட வீரர்களுக்கு என்ன சிகிச்சை கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஆண்டைப் பார்க்காமல் எழுதுவது. 1914இல் தொடையில் குண்டுச் சிதறல் பாய்ந்தவனுக்குக் கிடைத்த வைத்தியம் வேறு, 1917இல் அதே இடத்தில் அடிபட்டவனுக்குக் கிடைத்தது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் நடுவில் நடந்த போராட்டமே தெரியாமல் போய்விடும்.

பென்சிலினை இந்தப் போருக்குள் கொண்டுவருவது அந்த வகைத் தவறுதான். அலெக்சாண்டர் ஃபிளெமிங் அப்போது ராணுவ மருத்துவராகப் பிரான்சின் புலோன் நகரில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் பென்சிலினை அவர் கண்டது 1928இல். அது வீரர்களுக்குப் பெருமளவில் கிடைத்தது இரண்டாம் உலகப் போரில். முதல் போரில் ஆன்டிபயாடிக் என்று ஒன்றுமே கிடையாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அந்தக் காலத்து டாக்டர்களுக்குக் கிருமி பற்றியே தெரியாது என்று எழுதுவது. ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் புண்ணைக் கழுவும் முறையை 1867இலேயே வெளியிட்டுவிட்டார். 1914இல் கருவிகளைக் கொதிக்கவைப்பதும் கையுறை போடுவதும் அறுவை சிகிச்சையில் வழக்கமாகிவிட்டன. அறிவு இருந்தும் ஏன் தோற்றார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் பாடம் கற்றது தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் (1899-1902). வறண்ட நிலம்; துப்பாக்கிக் குண்டு ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். சுத்தமான கட்டுப் போட்டு விட்டாலே பல காயங்கள் ஆறின. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் போர் நடந்ததோ தலைமுறை தலைமுறையாகச் சாணமும் குதிரை எருவும் போட்ட வயல்களில். பீரங்கிக் குண்டின் கோணல்மாணலான சிதறல், சேற்றையும் சீருடைத் துணியையும் சேர்த்தே சதைக்குள் இழுத்துச் சென்றது. ரத்த ஓட்டம் நின்று செத்த தசையில் ஆக்சிஜன் இல்லை. எருவில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் கிருமிக்கு அதுதான் வேண்டும். அந்தக் காயத்தின் மேல் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஓரிரு நாளில் கால் வீங்கும், துர்நாற்றம் அடிக்கும், விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் வாயு நொறுநொறுக்கும், தோல் கருக்கும். இதுதான் கேஸ் காங்கிரீன். பலருக்கு அதற்குப் பிறகு காலை எடுத்தும் உயிர் தங்கவில்லை.

மருந்தை ஊற்றினால் கிருமி சாகாதா? ஃபிளெமிங் இதை ஒரு கண்ணாடிக் குழாயில் சோதித்தார். குழாயின் அடியில் கூரான கிளைகளை இழுத்து, காயத்தின் சந்துபொந்துகளைப் போல அமைத்தார். கிருமியுள்ள திரவத்தை ஊற்றிக் கொட்டி, கிருமிநாசினியை நிரப்பி, அதையும் கொட்டிவிட்டுச் சுத்தமான திரவத்தை ஊற்றினார். கிருமி மறுபடி பெருகியது. கிளைகளின் நுனிக்கு மருந்து போய்ச் சேரவே இல்லை. போதாக்குறைக்கு, அந்த மருந்துகள் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களையும் கொன்றன.

விடை கத்தியில் இருந்தது. வெட்டினால் ரத்தம் வராத, கிள்ளினால் சுருங்காத தசை முழுவதையும் அறுத்தெடுத்துவிட்டு, காயத்தைத் தைக்காமல் திறந்தே வைத்து, சில நாள் கழித்துத் தைப்பது. பெல்ஜியத்தின் லா பான் மருத்துவமனையில் அந்த்வான் தெபாஜ், காயத்தில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்று பரிசோதித்த பிறகே தைக்கச் செய்தார். பிரான்சின் கொம்பியேன் நகரில் அலெக்சிஸ் கேரலும் ஹென்றி டாக்கினும் சுமார் 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை ரப்பர் குழாய்கள் வழியே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காயத்துக்குள் செலுத்தினார்கள். இதை "ப்ளீச்சால் புண் ஆற்றினார்கள்" என்று எழுதாதீர்கள். சதையை அரிக்காதபடி அதன் காரத்தன்மையை டாக்கின் கவனமாகச் சரிசெய்திருந்தார். வீட்டு ப்ளீச்சைப் புண்ணில் ஊற்றினால் பெரும் கேடு.

முறிந்த காலை நீட்டி அசையாமல் கட்டிவைக்கும் சட்டமான தாமஸ் ஸ்பிளிண்ட் போருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் தவறு. லிவர்பூல் வைத்தியர் ஹியூ ஓவன் தாமஸ் அதை உருவாக்கியது 19ஆம் நூற்றாண்டில். அவர் 1891இல் இறந்துவிட்டார். போர்முனைக்கு அதை வற்புறுத்திக் கொண்டுபோனவர் அவருடைய மனைவி வழி உறவினர் ராபர்ட் ஜோன்ஸ். தொடை எலும்பு முறிந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது ஒவ்வொரு குலுக்கலிலும் எலும்பு முனை சதையைக் கிழிக்கும். உள்ளேயே ரத்தம் கொட்டி, ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சியில் (ஷாக்) உயிர் போகும். காலை இழுத்து நீட்டிக் கட்டினால் இது குறையும். பூட்ஸைக்கூடக் கழற்றாமல், இருட்டிலும் கட்டுவதற்கு ஸ்ட்ரெச்சர் தூக்குபவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இந்தக் காயத்தில் இறப்பு 80 சதவீதத்திலிருந்து 20க்கும் கீழே வந்ததாகச் சொல்லப்படுவதை எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். ஆனால் முழுப் பெருமையையும் ஸ்பிளிண்டுக்கே எழுதிவைப்பது சரியல்ல. அதே ஆண்டுகளில் அறுவை சிகிச்சை சீக்கிரம் நடந்தது, முறை மாறியது, ரத்தமும் ஏற்றத் தொடங்கினார்கள்.

ரத்தத்திலும் ஆண்டு முக்கியம். ரத்தம் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்க்கலாம் என்று தெரிந்தது 1914-15இல். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன், ஓ பிரிவு ரத்தத்தை முன்கூட்டியே எடுத்துப் பாட்டிலில் ஐஸில் வைத்துப் பயன்படுத்தியது 1917இல். அதற்கு முன் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ரத்தம் கிடைக்கவில்லை.

பதுங்குகுழியில் நின்றவர்களின் கால் மரத்து வீங்கிப் புண்ணாகும் டிரெஞ்ச் ஃபூட்டைப் பனிக்கடியோடு குழப்ப வேண்டாம். அதற்கு உறைபனி தேவையில்லை; குளிர்ந்த சேற்றில் நாள் கணக்கில் நின்றால் போதும். அதைக் குறைத்தது அறுவை சிகிச்சை அல்ல. காய்ந்த காலுறை, திமிங்கல எண்ணெய், தினமும் காலைப் பார்வையிடும் அதிகாரி. போரின் முதல் குளிர்காலச் சேற்றில் இந்தியப் படையினரும் நின்றார்கள்; அவர்களில் காயம்பட்டவர்களுக்காக இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலுள்ள ராயல் பெவிலியன் அரண்மனையே மருத்துவமனையானது. ஐரோப்பியர்களை மட்டும் வைத்து இந்தக் கதையைச் சொல்வதும் பிழைதான்.

"போர்தான் மருத்துவத்தை வளர்த்தது" என்று முடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ரே 1895, ரத்தப் பிரிவுகள் 1901. இரண்டும் அமைதிக் காலத்தில் வந்தவை. வயிற்றில் குண்டு பாய்ந்தவனை அறுக்காமல் படுக்கவைத்துப் பார்ப்பதே போயர் போர் தந்த விதி. அது மாறத் தொடங்கியது 1915இல். அதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. சில மணி நேரத்துக்குள் அடிபட்டவன் மேசைக்கு வரும்படி, அறுவை மருத்துவரைப் போர்முனைக்கு அருகே கொண்டுபோனாலே போதும். அது புரிவதற்கு முன் அடிபட்டவர்களில் பலர் அந்தப் பழைய விதிப்படியே படுத்துக் கிடந்து இறந்தார்கள்.