மார்ச் முதல் மே வரை: பிரிட்டனில் அலாட்மென்ட் வேலைகளும் சனிக்கிழமைக் கால்பந்துக் கணிப்பும்

பிரிட்டனில் காய்கறி பயிரிட நகரசபையிடம் குத்தகைக்குப் பெறும் அலாட்மென்ட் நிலத்தின் முழு அளவு பழைய கணக்கில் 10 ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். உள்ளூர் நிர்வாகங்கள் மக்களுக்கு இத்தகைய நிலம் ஒதுக்க வேண்டும் என்பதை 1908ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக்கியது. நிலத்தைக் கொத்துவதற்கு ஆள் ஒதுக்கும் சட்டம் மட்டும் இன்றுவரை வரவில்லை. ஆகவே மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களின் வேலைகளைப் பக்கத்து நிலத்துக்காரர்களோடு சேர்ந்து, சனிக்கிழமை பிற்பகல்களில் செய்து முடிப்பதே நல்லது. இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் பருவத்தின் முடிவை நிர்ணயிக்கும் ஆட்டங்களும் இதே மாதங்களில் வருவதால், கால்பந்துக் கணிப்பையும் தோட்டவேலையையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியும். அதற்கான வழிமுறை இது.

முதலில் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை இங்கே நேரலையாகத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை, 2.45 முதல் 5.15 வரை நீண்டகாலமாகத் தடை இருக்கிறது. வீட்டில் இருந்தாலும் பார்க்க முடியாது என்பதால், கொட்டகை வாசலில் ஒரு வானொலியை வைத்துவிட்டு நிலத்தில் இறங்குவதில் எந்த இழப்பும் இல்லை. முதல் பாதி ஆட்டத்தின்போது கொத்துதல், உரம் சுமத்தல் போன்ற பாரமான வேலைகளைச் செய்யுங்கள். இடைவேளையில் தேநீர் குடியுங்கள். இரண்டாம் பாதியில் விதைப்பு, நாற்று பிரித்தல் போன்ற குனிந்து செய்யும் வேலைகளை வைத்துக்கொண்டால், முடிவுகள் வரும் நேரத்தில் முதுகு ஓரளவேனும் நிமிரும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்த பிறகு லண்டனில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். தோற்ற அணியின் ஆதரவாளரைக் கிண்டல் செய்வதற்கு அந்த நேரம் போதுமானது.

கணிப்புக்கு எளிய விதிகளே போதும். ஒவ்வொருவரும் வெள்ளிக்கிழமை இரவுக்குள் அந்த வார ஆட்டங்களுக்கான கோல் கணக்கை எழுதித் தர வேண்டும். துல்லியமான கோல் கணக்குக்கு 3 புள்ளிகள். வெற்றி, தோல்வி, சமநிலை என்பதை மட்டும் சரியாகச் சொன்னால் 1 புள்ளி. வாரத்துக்கு ஒரேயோர் ஆட்டத்தைத் துணிச்சல் கணிப்பாகக் குறித்துக்கொள்ளலாம், அது பலித்தால் புள்ளிகள் இரட்டிப்பாகும். 2015-16 பருவத்தின் தொடக்கத்தில் லெஸ்டர் சிட்டி பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தய நிறுவனங்கள் ஒன்றுக்கு 5000 கொடுத்தன, லெஸ்டரும் வென்றது என்பதால் இந்த விதியை யாரும் குறை சொல்ல முடியாது. பணம் வைக்க வேண்டாம். வாரத்தில் கடைசி இடம் பெறுபவர் எல்லோருக்கும் பொதுவான மக்கு உரக் குவியலைப் புரட்டிப்போட வேண்டும். முதலிடம் பெறுபவர் மற்றவர்களிடமிருந்து ஆளுக்கு ஒரு நாற்றுத் தொட்டி பெறலாம். பெரும்பாலோர் செய்யும் தவறு, சமநிலையைக் கணிக்க மறுப்பது. ஏறத்தாழ நான்கில் ஓர் ஆட்டம் சமநிலையில்தான் முடிகிறது, 1-1 என்பது மிக அதிகமாக வரும் கோல் கணக்குகளில் ஒன்று. தன் அணிக்கு மட்டும் ஒவ்வொரு வாரமும் 4-0 என்று எழுதுபவருக்குக் குவியலைப் புரட்டும் ஃபோர்க்கை நிரந்தரமாகவே கொடுத்துவிடலாம்.

விதைப் பொட்டலத்தின் பின்புறத்தை நம்புவதும் ஏறக்குறைய இப்படிப்பட்ட ஆசைதான். அங்கே 'பிப்ரவரி முதல் விதைக்கலாம்' என்று அச்சிட்டிருக்கும். ஆனால் விதைக்கு மாதம் தெரியாது, மண்ணின் வெப்பம் மட்டுமே தெரியும். காலையில் மண்ணுக்குள் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். சில நாள்கள் தொடர்ந்து 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டினால் பட்டாணி, பிராட் பீன்ஸ், பீட்ரூட் போன்றவற்றை வெளியே விதைக்கத் தொடங்கலாம். வெப்பமானி இல்லாதவர்கள் களைகளைக் கவனிக்கலாம். களை விதைகள் முளைக்கத் தொடங்கிவிட்டன என்றால் மண் விழித்துவிட்டது என்று பொருள். ஈரத்தையும் பார்க்க வேண்டும். லண்டன் களிமண் நிலத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்குங்கள். அது வழவழப்பான உருண்டையாகி விரலில் ஒட்டினால் அன்று நிலத்தில் இறங்கவே கூடாது. ஈரக் களிமண்ணை மிதித்தால் காற்றிடைவெளிகள் அடைபட்டு, கோடையில் செங்கல்லைப் போல் இறுகிவிடும். கட்டாயம் இறங்க வேண்டியிருந்தால் ஒரு பலகையைப் போட்டு அதன் மீது நின்று வேலை செய்யுங்கள்.

மார்ச்சில் முதல் வேலை களை எடுப்பது. பைண்ட்வீட், கவுச் புல் ஆகிய இரண்டும் வெள்ளை வேர்களால் பரவுபவை. வேரின் சிறு துண்டு மண்ணில் தங்கினாலும் புதிய செடியாகும். எனவே இயந்திர உழவு வேண்டாம், அது ஒன்றை நூறாக்கித் தரும். ஃபோர்க்கால் மண்ணைத் தூக்கி, வேரை முழுமையாக உருவி எடுங்கள். அந்த வேர்களை மக்குக் குவியலில் போடாதீர்கள். ரோஜாவை இம்மாதத்தில் கவாத்து செய்யலாம்: வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்டுங்கள். வேலியை வெட்ட நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம். பறவைகள் கட்டிக்கொண்டிருக்கும் அல்லது குடியிருக்கும் கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி குற்றம். அதே 1981இல்தான் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் வெற்றிக்கு 2 புள்ளிகள் என்பது 3 ஆனது. நம் கணிப்பு விதியிலுள்ள 3 புள்ளியை எதிர்ப்பவர்களுக்கு இந்த ஆண்டை நினைவூட்டுங்கள்.

உருளைக்கிழங்கைப் பற்றித்தான் அலாட்மென்டில் அதிக வாக்குவாதம் நடக்கும். ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்திய பெரிய வெள்ளியன்று நட வேண்டும் என்பது இங்குள்ள பழைய வழக்கம். ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த நாளிலும் வரக்கூடும் என்பதால், இந்த வழக்கத்துக்கு ஐந்து வார ஊசலாட்டம் உண்டு. அதை விடுமுறை நாள் வசதி என்று மதிக்கலாமே தவிர வழிகாட்டியாகக் கொள்ள முடியாது. விதைக்கிழங்கை பிப்ரவரியிலேயே முட்டை அட்டையில், கண்கள் அதிகமுள்ள முனை மேலே இருக்கும்படி, குளிர்ச்சியும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிறுத்தி வையுங்கள். குட்டையான, தடித்த முளை வரும். இருட்டில் வைத்தால் நீண்ட வெள்ளை முளை வந்து, தொட்டவுடன் ஒடியும். முந்திய ரகங்களை மார்ச் இறுதியிலும், அடுத்த ரகங்களை ஏப்ரல் நடுவிலும், பெரும்போக ரகங்களை ஏப்ரல் பிற்பகுதியிலும் நடலாம். ஆழம் 12 முதல் 15 சென்டிமீட்டர். முந்திய ரகங்களுக்குக் கிழங்குக்குக் கிழங்கு 30, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர் விடுங்கள். பெரும்போக ரகங்களுக்கு இதைவிடத் தாராளமாக இடம் வேண்டும். தழை தலைகாட்டியதும் இருபுறமிருந்தும் மண்ணை இழுத்து அணைக்க வேண்டும். இது இளந்தழையை உறைபனியிலிருந்து காப்பதோடு, கிழங்கின் மீது வெளிச்சம் பட்டுப் பச்சையாகி நஞ்சேறுவதையும் தடுக்கும்.

நடவுக்கென்று விற்கும் சிறு வெங்காயக் குமிழ்களை 10 சென்டிமீட்டர் இடைவெளியில், நுனி மட்டும் தெரியும்படி ஊன்றுங்கள். நுனியில் காய்ந்த சருகு நீண்டிருந்தால் கத்தரித்துவிடுங்கள். பறவைகள் அதைப் புழுவென்று பிடித்து இழுத்து, குமிழை வெளியே எறிந்துவிடும். வெள்ளைக் கேரட் போன்ற பார்ஸ்னிப் முளைக்க நான்கு வாரம்கூட ஆகலாம். அதோடு சில முள்ளங்கி விதைகளையும் தூவிவிட்டால், அவை முதலில் முளைத்து வரிசை எங்கே இருக்கிறதென்று காட்டும்.

தக்காளியையும் மிளகாயையும் வீட்டு ஜன்னலோரத்தில் வளர்க்க வேண்டும். மிளகாய்க்கு நீண்ட காலம் தேவை என்பதால் மார்ச் தொடக்கத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். முளைப்பதற்கு 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். விதையிலைகளுக்கு அடுத்து உண்மையான இலைகள் தோன்றியதும் நாற்றுகளைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அப்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். இலை கிழிந்தால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். பிரிட்டனில் வாழும் நம்மவர்கள் தோட்டத்தில் அதிகம் விரும்பும் வெந்தயக் கீரைக்கு இத்தனை உபசாரம் தேவையில்லை. மளிகைக் கடையில் வாங்கிய வெந்தயத்தையே, தென் இங்கிலாந்தில் ஏப்ரல் பிற்பகுதியில், நேராகப் பாத்தியில் தூவலாம்.

ஏப்ரலில் நத்தைகள் வரும். ஓடில்லாத நத்தைகள்தான் அதிகச் சேதம் செய்பவை. பழைய நீலக் குருணைகளில் இருந்த மெட்டால்டிஹைடை வெளிப்புறத்தில் பயன்படுத்துவது 2022 வசந்தத்திலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது. கொட்டகையின் மூலையில் மிச்சம் இருந்தால் குப்பையில் வீசாமல் நகரசபையின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படையுங்கள். இரும்பு பாஸ்பேட் குருணைகள் கிடைக்கின்றன. மண் 5 டிகிரியைத் தாண்டிய பிறகு நத்தைகளைக் கொல்ல நீரில் கரைத்து ஊற்றும் நூற்புழுக்களும் பலன் தரும். இருட்டியபின் டார்ச் விளக்கோடு சென்று பொறுக்கி எடுப்பது செலவில்லாத வழி, தன் அணி தோற்ற அன்று கூடுதல் உற்சாகத்தோடு நடக்கும் வேலையும்கூட.

ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள், அஸ்பாரகஸ் அறுவடையின் மரபான தொடக்கம். ஆனால் புதிதாக நட்ட கிழங்குகளிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் ஒரு தண்டைக்கூட வெட்டக் கூடாது. வெட்டினால் வேர்த்தொகுதி வலுப்பெறாது. இந்தப் பாத்தியின் பொறுப்பை டாட்டன்ஹாம் ஆதரவாளரிடம் ஒப்படைப்பதே முறை. கடைசியாக 1961இல் லீக் பட்டம் வென்ற அணியின் ரசிகருக்குக் காத்திருப்பதைப் பற்றி நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கேலி இந்த எல்லைக்குள் நிற்கட்டும்: அணியையும் காய்கறியையும் கேலி செய்யலாம், ஆளின் குடும்பத்தையோ ஊரையோ தொடக் கூடாது. பக்கத்து நிலத்துக்காரரோடு அடுத்த பத்து ஆண்டுகளும் ஒரே தண்ணீர்க் குழாயைப் பகிர வேண்டியிருக்கும்.

கோப்பை ஆட்டங்களால் சில லீக் ஆட்டங்கள் ஒத்திவைக்கப்படும்போது கணிப்பை என்ன செய்வதென்ற சச்சரவு எழும். இதற்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. 1963இன் கடுங்குளிரில் வாரக்கணக்கில் ஆட்டங்கள் நடக்காமல் போகவே, ஃபுட்பால் பூல்ஸ் என்ற ஆட்ட முடிவுக் கணிப்புப் பந்தயப் போட்டி நின்றுபோகாதிருக்க ஒரு குழு அமர்ந்து, நடக்காத ஆட்டங்களுக்கு முடிவு அறிவித்தது. டாம் ஃபின்னி, டாமி லாட்டன் போன்ற முன்னாள் வீரர்கள் அதில் இருந்தனர். அலாட்மென்டில் மூத்தவர்கள் மூவரை இப்படி அமர்த்தலாம். அவர்கள் முடிவை எதிர்ப்பவருக்குக் குவியல் காத்திருக்கிறது.

மே மாதத்தில் பொறுமைதான் பெரிய வேலை. ரன்னர் பீன்ஸ், கூர்ஜெட் என்ற சுரைக்காய் வகை, தக்காளி ஆகியவை ஓர் இரவு உறைபனியையும் தாங்கா. தென் இங்கிலாந்தில் மே நடுப்பகுதி வரையிலும், வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் அதற்குப் பிறகும் உறைபனி விழக்கூடும். மே தொடக்கத்தில் நான்கு நாள் வெயில் அடித்ததும் கடைகளில் தக்காளி நாற்று குவிந்துவிடும். வாங்கலாம், நடக் கூடாது. 2012 மே 13 அன்று குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 1-2 எனப் பின்தங்கியிருந்த மான்செஸ்டர் சிட்டி, 90 நிமிடம் கடந்தபின் இரண்டு கோல் அடித்து, கோல் வித்தியாசத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடமிருந்து பட்டத்தைப் பறித்தது. சிட்டி ரசிகர்கள் சிலர் அதற்குள் மைதானத்தை விட்டுக் கிளம்பியிருந்தனர். மே 13க்கு முன்னரே, செடிகளை உறைபனியிலிருந்து காக்கப் போர்த்தும் ஃபிளீஸ் துணியை மடித்து வைப்பவர்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்க பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஒதுக்குங்கள். முதல் சில நாள்கள் பகலில் மட்டும், காற்று மோதாத நிழலில் வையுங்கள்; பிறகு வெயிலுக்கு நகர்த்துங்கள்; இறுதியில் ஃபிளீஸ் போர்த்தி இரவிலும் விடலாம். ரன்னர் பீன்ஸுக்குக் கொடி ஏறும் முன்பே கொழுகொம்பு நட்டுவிட வேண்டும். இரண்டரை மீட்டர் மூங்கில் கழிகளைச் சாய்த்து உச்சியில் கட்டி, ஒரு கழிக்கு ஒரு செடி என்று வைத்தால் போதும்.

லீக்கின் கடைசி நாளில் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். அது பெரும்பாலும் மே மாத ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும். அன்றைய கணிப்பில் பட்டம் வெல்லும் அணியோடு, கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் மூன்று அணிகளையும் எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தனியாக 5 புள்ளி கொடுக்கலாம். இருவர் சமப்புள்ளி பெற்றால், துல்லியமான கோல் கணக்குகளை அதிகம் சொன்னவரே வென்றவர். பரிசாகத் தரும் தக்காளி நாற்றுகளை அன்றே கொடுத்துவிடுங்கள், ஆனால் இரவில் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று வானிலை அறிக்கை சொல்லும்வரை வென்றவர் அவற்றை நிலத்தில் நடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.