கரிமண் நிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டே பந்திங், கோல லங்காட் பக்கம் விவசாயத்துக்கு நிலம் தேடுபவர்கள் நம்மவர்களில் பலர். அங்கே அகப்படும் நிலம் பல இடங்களில் மலாயில் தானா கம்புட் எனப்படும் கரிமண், அதாவது மட்காத செடிகொடிகள் நீரில் கிடந்து சேர்ந்த சதுப்பு மண்.

தண்ணீர் தேங்கி நிற்கிறதே என்று இயந்திரத்தைக் கூப்பிட்டு ஆழமாக வாய்க்கால் வெட்டுவதுதான் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. இந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். கரும்பழுப்பு நீர் வழிந்தோடும்; உள்ளங்கையில் மட்காத வேரும் மரத்துணுக்கும் மிஞ்சும். காற்றுப் படாமல் நீரில் கிடந்ததால்தான் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கவில்லை. நீரை வடித்தால் காற்று புகும். மண்ணே மட்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். வடித்த முதல் ஐந்தாண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்த நிலங்கள் உண்டு. அதன் பிறகும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழும். வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்கும் செம்பனைகளைப் பார்த்தாலே இது விளங்கும்.

செம்பனைக்கு நீர்மட்டம் 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் போதும். வாய்க்காலின் குறுக்கே மணல் மூட்டைகளை அடுக்கி நீரை நிறுத்துங்கள். அளவுகோல் நட்டு அடிக்கடி பாருங்கள். முற்றிலும் காய்ந்துவிட்ட கரிமண் மறுபடி நீரை ஏற்காது. இதெல்லாம் ஏற்கெனவே வடிக்கப்பட்ட நிலத்துக்குத்தான். இன்னும் காடாக இருப்பதைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

புளிப்பு மண் என்பதால் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டுவதும் தவறு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும்; இந்த மண்ணில் அது 3 முதல் 4 வரைதான். ஆனால் மற்ற மண்ணைப் போல 6க்கு மேல் ஏற்றத் தேவையில்லை, 5 அளவே பல பயிர்களுக்குப் போதும். மிஞ்சினால் மண் இன்னும் வேகமாக மட்கும். அன்னாசியோ இந்தப் புளிப்பையே தாங்கி வளரும். தாமிரமும் துத்தநாகமும் இங்கே குறைவு. சாதாரண உரத்தை மட்டும் போட்டுவிட்டு இலை வெளுக்கிறதே என்று கலங்குவதில் பயனில்லை.

குப்பையைக் கொளுத்தவே கொளுத்தாதீர்கள். மேலே அணைந்தது போலத் தெரியும் தீ மண்ணுக்குள் வாரக்கணக்கில் கனன்று, எங்கோ தள்ளி எழும். 2005 ஆகஸ்டில் சுமத்ராவின் தீப்புகையால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மூச்சுத் திணறியவர்களில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தார்கள்.

வாங்குமுன் மண் துளைப்பானால் பல இடங்களில் ஆழம் பாருங்கள். கரிமண்ணுக்கு அடியில் கந்தகம் நிறைந்த கடற்களிமண் இருந்தால், அது காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாகும். அப்படிப்பட்ட நிலத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.