விடுதலைத் தீர்ப்பைப் பற்றி கடை வாங்கில் இருந்து கதைப்பது எப்படி

சுட்டுக் கொன்ற வழக்கொன்றில் யூரிகள் (தீர்ப்புச் சொல்லத் தெரிவாகும் பொதுமக்கள்) எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, விடுவித்துவிட்டால், அன்று மாலை ஒட்டுசுட்டானில் என் கடை வாங்கில் இரண்டு கட்சிதான் இருக்கும். ஒரு கட்சி, "கோர்ட்டே சொல்லிப்போட்டுது, இனி என்ன கதை?" என்னும். மற்றது, "எல்லாம் முதலே எழுதி வைச்ச நாடகம்" என்னும். இரண்டு கட்சியும் வழக்கில் ஒரு பக்கம் கூட வாசித்திருக்காது. நான் வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்து, கோப்புக் கட்டியே தும்மல் பிடித்தவள். இப்போது கடையும் கடன் கொப்பியும்தான். கோபப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. அந்தக் கோபத்தை எந்த இடத்தில் வைப்பது என்று பிடிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: வழக்கில் தகராறு எதில்? யார் சுட்டது என்பதிலா, ஏன் சுட்டது என்பதிலா?

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜை 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டார்கள். அவருடைய பாதுகாப்புக்கு இருந்த சிங்களப் பொலிஸ்காரரும் அந்தச் சூட்டில் இறந்தார். அது கொலை என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. செய்தது இந்த எதிரிகள்தானா என்பதே வழக்கு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற பதினேழு வயதுப் பொடியன் 2020 ஓகஸ்ட்டில் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். சுட்டவன் அவன்தான் என்பதை அவனுடைய சட்டத்தரணிகளே மறுக்கவில்லை. தன்னைக் காக்கச் சுட்டானா என்பது மட்டும்தான் கேள்வி. 2021 நவம்பரில் யூரிகள் விடுவித்தார்கள். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "அங்கேயும் இப்படித்தானே" என்று சொன்னால் கதை அந்த இடத்திலேயே கெட்டுவிடும். கெனோஷா வழக்கில் அரச தரப்பு உடைக்க வேண்டியிருந்தது தற்காப்பு என்ற வாதத்தை. ரவிராஜ் வழக்கில் ஆளையே நிறுவ வேண்டியிருந்தது. புலனாய்வும் சாட்சியும் எங்கே ஒடிந்தது என்று கேட்க வேண்டியது இங்கேதான்.

அடுத்தது, யார் தீர்த்தது? எங்கள் நாட்டில் மேல் நீதிமன்ற வழக்கு பொதுவாக நீதிபதி முன்னால்தான் நடக்கும். 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி, கொலை போன்ற சில குற்றங்களில் எதிரி கேட்டால் மட்டும் யூரி வரும். ஏழு பேர். எல்லோரும் ஒத்துப்போகத் தேவையில்லை, ஐந்துக்கு இரண்டு போதும். எந்த மொழி பேசும் யூரி வேண்டும் என்பதையும் எதிரியே தெரிவு செய்யலாம். கொல்லப்பட்டவரின் வீட்டாருக்கு அந்தத் தெரிவில் வாக்கு இல்லை. வாங்கில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. தெரிந்ததும் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ரவிராஜ் வழக்கில் நடந்தது இதுதான். எதிரிகள் சிங்களம் பேசும் யூரியைக் கேட்டார்கள். குடும்பத்தின் சட்டத்தரணி எதிர்த்தார். குற்றப்பத்திரத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழும் குற்றச்சாட்டு இருந்தது. அந்தச் சட்டமோ, வழக்கை யூரி இல்லாமல் நீதிபதி தனியே விசாரிக்க வேண்டும் என்கிறது. எதிர்ப்பு எடுபடவில்லை. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கடற்படையைச் சேர்ந்த மூவர் உட்பட ஐந்து பேர் விடுதலை. நத்தாருக்கு முதல் நாள், ஊர் நித்திரையில் இருந்த நேரம்.

அதே ஆண்டு யூலையில் குமாரபுரம் வழக்கும் இப்படியே போனது. 1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ச் சனம் சுடப்பட்ட வழக்கு. விசாரணை அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, ஆறு இராணுவத்தினரை யூரிகள் விடுவித்தார்கள். இந்த இரண்டிலும் "யூரிகள் இனவாதிகள்" என்று கத்துவது சுலபம். அந்த ஏழு பேரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று உங்களாலும் நிறுவ முடியாது, என்னாலும் முடியாது. வழக்கை இடம் மாற்றியது யார், யூரியைத் தெரிவு செய்யும் விதி என்ன என்பவை கடதாசியில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கி மேசையில் போடலாம், எவரும் மறுக்க முடியாது.

"விதியைப் பற்றிக் கதைத்து என்ன பயன்?" என்று கேட்பவருக்குக் கனடாக் கதையைச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் நிறைந்திருப்பதால் இது நன்றாக எடுபடும். 2016 ஓகஸ்ட்டில் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோல்ட்டன் பூஷி என்ற 22 வயதுப் பூர்வகுடி இளைஞன் ஜெரால்ட் ஸ்டான்லி என்ற விவசாயியின் பண்ணையில் சுடப்பட்டு இறந்தான். துவக்கு தானாக வெடித்தது என்றார் ஸ்டான்லி. 2018 பெப்ரவரி 9 அன்று யூரிகள் அவரை விடுவித்தார்கள். பூர்வகுடிகள் என்று பார்த்ததும் தெரிந்தவர்களை, காரணம் சொல்லாமலே விலக்கும் உரிமையைப் பாவித்து எதிரித் தரப்பு யூரியிலிருந்து நீக்கியிருந்தது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்தது. பூஷியின் குடும்பம் ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சர்களைச் சந்தித்தது. தீர்ப்பு மாறவில்லை, அரச தரப்பு மேன்முறையீடும் செய்யவில்லை. ஆனால் 2019 இல் அந்த விலக்கும் உரிமையையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அதை எடுத்தது சரியா என்று அங்கேயுள்ள சட்டத்தரணிகள் தங்களுக்குள் அடிபட்டதும் உண்டு. அது வேறு கதை.

விடுதலை என்றால் எதிரி சுத்தம் என்று நீதிமன்றம் சான்றிதழ் கொடுத்துவிட்டதாக ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படியல்ல. நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அரச தரப்பு நிறுவவில்லை, அவ்வளவுதான். அதே ஆளைச் சந்தேகிக்க உங்களுக்குத் தடையில்லை. ஆனால் கடை வாங்கில் "அவன்தான் கொலைகாரன்" என்று அடித்துச் சொல்லாமல், எந்தச் சாட்சியை நம்புகிறீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். யூரி காரணம் எழுதுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நீதிபதிகள் எழுதுவார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் எட்டுத் தமிழ்ச் சனம் கொல்லப்பட்ட மிருசுவில் வழக்கை மூன்று நீதிபதிகள் யூரி இல்லாமல் விசாரித்து, 2015 யூனில் ஒரு இராணுவ வீரருக்கு மரண தண்டனை கொடுத்து, மற்ற நான்கு பேரை விட்டார்கள். ஏன் ஒருவரை, ஏன் மற்றவர்களை இல்லை என்பதைத் தீர்ப்பில் வாசிக்கலாம். (2020 மார்ச்சில் அவரை வெளியே விட்டது ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு. அதைத் தீர்ப்போடு குழப்பி, "கோர்ட் விட்டுட்டுது" என்று சொல்பவரை அங்கேயே நிறுத்துங்கள்.)

இனி வாங்கில் இருக்கும் ஆட்களைப் பற்றி. வன்னியில் எந்தக் கடையிலும், வழக்கே இல்லாத ஒரு தாய் பக்கத்தில் இருப்பார். கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 முதல் போராட்டம் இருந்த அம்மாக்களுக்கு எதிரியும் இல்லை, யூரியும் இல்லை, குற்றப்பத்திரமும் இல்லை. அப்படி ஒருவர் அரிசி வாங்க வந்து நிற்கும்போது, "ஐந்துக்கு இரண்டு" என்று சட்டம் விளாசுவது பண்பில்லை. நான் நிறுத்திவிடுவேன். "அம்மா, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்பேன். அவராகக் கேட்டால், ரவிராஜின் மனைவி மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார் என்று சொல்லுவேன். "சட்டம் அப்படித்தான் அம்மா" என்ற வசனத்தை மட்டும் எந்தப் பொடியனையும் சொல்ல விடமாட்டேன். சொன்னால் அவனுக்குத் தேத்தண்ணி இல்லை.

மேன்முறையீட்டைப் பற்றிச் சுருக்கமாக: யூரி விடுவித்த வழக்கில் சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் சட்டப் பிழையைக் காட்டி மட்டும். யூரி சாட்சியைத் தவறாக எடைபோட்டது என்று போக முடியாது. ஆகவே "மேல் கோர்ட்டில் பாப்பம்" என்பவரிடம், எந்தச் சட்டப் பிழை என்று கேளுங்கள். ரவிராஜ் வழக்கில் அந்தப் பயங்கரவாதத் தடைச் சட்ட விவகாரத்துக்கு அதனால்தான் இவ்வளவு எடை.

கடைசியாக, அன்றைய பத்திரிகையை மடித்து வடை சுற்றக் கொடுக்காதீர்கள். வெட்டி, பின்பக்கம் திகதி எழுதி, ஒரு கோப்பில் போடுங்கள். ரவிராஜ் வழக்கில் கொலைக்கும் தீர்ப்புக்கும் இடையில் பத்து ஆண்டு, குமாரபுரத்தில் இருபது. மேன்முறையீட்டுச் செய்தி வரும் நாளில் வாங்கில் வேறு ஆட்கள் இருப்பார்கள், முதல் தீர்ப்பில் யார் என்ன சொன்னது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். என் கோப்பு கடன் கொப்பிக்குக் கீழே இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவேன். தேத்தண்ணிக் காசை முதலில் வைக்க வேண்டும்.