படிகாரமும் அப்பச்சோடாவும்: உப்புக் கரைசல் எந்தப் பக்கம் சாயும் என்று கண்டுபிடிப்பது எப்படி?

உயர்தரத்துக்கு வரும் பிள்ளைகள் சாதாரணதரத்திலிருந்து ஒரு நினைப்பைக் கூடவே கொண்டுவருவார்கள்: அமிலமும் மூலமும் சேர்ந்தால் உப்பு, உப்பு என்றால் நடுநிலை. கறியுப்புக்கு இது சரி. நிலாவெளி உப்பளத்துக் கல்லுப்புக்கும் கிட்டத்தட்டச் சரிதான். ஆனால் அப்பச்சோடாவும் உப்புத்தான், சவரம் செய்தபின் சலூனில் தடவும் படிகாரமும் உப்புத்தான். முதலாவதைக் கரைத்தால் பீஎச் (7 என்றால் நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் மூலம்) 8.3 அளவில் நிற்கும். இரண்டாவது 3 பக்கம் இறங்கிவிடும். எது எந்தப் பக்கம் என்று அட்டவணை போட்டுப் பாடமாக்குகிறவர்கள், சோதனை மண்டபத்தில் இரண்டு நிரலையும் மாற்றி எழுதிவிட்டு வருவார்கள். அதனால் உப்புவெளியில் என் ரியூசன் வகுப்பில் அந்த அட்டவணையே கிடையாது.

அதற்குப் பதிலாக, எந்த உப்பைக் கண்டாலும் அதன் தாய் தகப்பனை விசாரியுங்கள். கற்றயன், அதாவது நேர் ஏற்ற அயன், எந்த மூலத்தின் பிள்ளை? அன்னயன், அதாவது மறை ஏற்ற அயன், எந்த அமிலத்தின் பிள்ளை? கறியுப்பில் சோடியம் அயன் சோடியம் ஐதரொட்சைட்டிலிருந்தும், குளோரைட்டு அயன் ஐதரோகுளோரிக்கமிலத்திலிருந்தும் வந்தவை. இரண்டும் வன்மையானவை, நீரில் முழுதாகப் பிரிபவை. பிரிந்தபின் திரும்பிச் சேரும் நாட்டம் இந்த அயன்களுக்கு இல்லை. தண்ணீரோடு ஒரு வம்புக்கும் போகாமல் இருந்துவிடும்.

சோடியம் அசற்றேற்றில் கதை வேறு. அசற்றிக்கமிலம் மென்னமிலம். புரோத்தனை (ஐதரசன் அயனை) எளிதில் விடாது. விட்டாலும், அசற்றேற்று அயன் திரும்பப் பிடிக்கப் பார்க்கும். அக்கம்பக்கத்தில் இருப்பது நீர் மூலக்கூறுகள். அவற்றில் ஒன்றிடமிருந்து புரோத்தனைப் பிடுங்கினால் ஐதரொட்சைட்டு அயன் மிஞ்சும், கரைசல் மூலப் பக்கம் போகும். நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைட்டு, இதற்கு நேர் எதிர். அமோனியா மென்மூலம் என்பதால் அமோனியம் அயன் தன் புரோத்தனை நீருக்குக் கொடுத்துவிட்டு அமோனியாவாகும், கரைசல் அமிலமாகும். நீர்ப்பகுப்பு என்பது இவ்வளவுதான். மென்மையான பெற்றாரின் பிள்ளைதான் தண்ணீரோடு மல்லுக்கு நிற்கும்.

கணக்கும் சுலபம். அசற்றிக்கமிலத்தின் கூட்டற்பிரிகை மாறிலி (அமிலம் நீரில் எவ்வளவு பிரியும் என்பதன் அளவு) 1.8×10⁻⁵. நீரின் அயன் பெருக்கம் 25 பாகையில் 1×10⁻¹⁴. இரண்டாவதை முதலாவதால் பிரித்தால் அசற்றேற்றின் மூல மாறிலி 5.6×10⁻¹⁰ என்று வரும். லீற்றருக்கு 0.1 மூல் கரைசல் என்றால், இதை 0.1 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஐதரொட்சைட்டுச் செறிவு 7.5×10⁻⁶, பீஎச் 8.9. கொஞ்சம் நின்று பாருங்கள்: பத்தாயிரம் அசற்றேற்று அயன்களில் ஒன்றுகூட முழுதாக நீர்ப்பகுப்படையவில்லை. அப்படியிருந்தும் பீஎச் கிட்டத்தட்ட இரண்டு அலகு ஏறிவிட்டது. நடுநிலை நீரில் ஐதரொட்சைட்டு அவ்வளவு குறைவு. அமோனியாவின் மாறிலியும் 1.8×10⁻⁵ தான், ஆகவே அதே செறிவில் அமோனியம் குளோரைட்டு 5.1 இல் நிற்கும். 7 இலிருந்து இரண்டும் ஒரே தூரம்.

சரி, செய்து பார்ப்போம். முதல் வேலை தண்ணீர். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். நம் கடற்கரைப் பக்கக் கிணறுகளில் இருகாபனேற்று (அப்பச்சோடாவில் இருக்கும் அதே அன்னயன்) தாராளமாக இருக்கும். சின்னச் சின்ன மாற்றங்களை அது விழுங்கிவிடும். பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கராஜ்களில் கிடைக்கும். பற்றறி அசிட்டும் அதே தட்டில்தான் நிற்கும், லேபலை வாசித்து வாங்குங்கள். காய்ச்சி வடித்த நீரும் திறந்து வைத்தால் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை இழுத்து 5.6 வரை இறங்கும். "கறியுப்புக் கரைசல் அமிலம் காட்டுகிறதே மிஸ்" என்று யாராவது கேட்டால், பழி உப்புக்கு அல்ல, காற்றுக்கு. ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டு ஆறவைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

காட்டிக்கு, அதாவது நிறம் மாறி அமிலமா மூலமா என்று காட்டும் பொருளுக்கு, மஞ்சள் போதும். மஞ்சள்தூளைக் காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் கலக்கி (அடுப்புக்குக் கிட்டவே போகவேண்டாம்), வெள்ளைத்தாளில் பூசி நிழலில் உலர்த்துங்கள். இது மூலத்துக்கு மட்டும் சிவக்கும். அமிலத்துக்கும் நடுநிலைக்கும் மஞ்சளாகவே இருக்கும், எனவே அமிலப் பக்கத்துக்கு நீலப் பாசிச்சாயத்தாளோ பீஎச் தாளோ வேண்டும். சங்குப்பூச் சாற்றையும் பலர் காட்டுவார்கள், அழகுதான். படிகாரத்துக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் அயன் பூச்சாயங்களோடு தானே பிணைந்து நிறத்தைக் குழப்பிவிடக்கூடும்.

இப்போது ஒரு கண்ணாடிக் குவளையில் அரைக் குவளைத் தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி படிகாரத் தூள். தெளிவாகக் கரையும் வரை கலக்குங்கள். இன்னொரு குவளையில் அதேயளவு தண்ணீரில் அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா. படிகாரத் தண்ணீரில் பாசிச்சாயத்தாள் சிவக்கும். நாம் அதில் ஒரு சொட்டு அமிலமும் விடவில்லை. அலுமினியம் அயன் சிறியது, மூன்று நேர் ஏற்றம் கொண்டது. தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை நெருக்கிப் பிடித்து வைத்திருக்கும். அந்த இறுக்கத்தில் நீர் மூலக்கூறின் ஒட்சிசன்–ஐதரசன் பிணைப்பு தளர்ந்து புரோத்தன் கழன்று வெளியே வரும். இந்தக் கூட்டயனின் அமில மாறிலி ஏறக்குறைய 1×10⁻⁵, அசற்றிக்கமிலத்துக்குப் பக்கத்தில். உலோக உப்பு ஒன்று வினாகிரியோடு போட்டி போடுகிறது!

இரண்டு குவளையையும் ஒரு உயரமான பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றுங்கள். கீழே தட்டு வையுங்கள், பொங்கி வழியும். தேசிக்காய் இல்லை, வினாகிரி இல்லை, இரண்டு உப்புத்தான். ஒன்றின் நீர்ப்பகுப்பு புரோத்தனைத் தள்ளுகிறது, மற்றது அதைப் பிடிக்கிறது. இப்படி ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரண்டும் முடிவு வரை ஓடிவிடும். வெளியேறுவது காபனீரொட்சைட்டு. நுரை அடங்கியபின் உற்றுப் பாருங்கள். தெளிந்த இரண்டு கரைசல்களிலிருந்து வெண்ணிறக் கொழகொழப்பு ஒன்று வந்திருக்கும், மெல்ல மெல்லக் கீழே படியும். அது அலுமினியம் ஐதரொட்சைட்டு. பழைய நுரைத் தீயணைப்பான்கள் இதே சோடியை நம்பித்தான் வேலை செய்தன. மாரி மழையில் கிணறு கலங்கினால் படிகாரம் போட்டுத் தெளியவைப்பதும் இதே வினைதான்: கிணற்றில் இருக்கும் இருகாபனேற்று சோடாவின் வேலையைச் செய்யும், கொழகொழப்பு சேற்றைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். அளவுக்கு மிஞ்சிப் போட்டால் இருகாபனேற்றுத் தீர்ந்து தண்ணீர் அமிலமாகும்.

அப்பச்சோடாவை மட்டும் மஞ்சள்தாளில் தொட்டால் இலேசாகத்தான் நிறம் மாறும். அதே கரைசலைச் சில நிமிடம் கொதிக்கவிட்டுத் தொடுங்கள், நன்றாகச் சிவக்கும். கொதியில் காபனீரொட்சைட்டு வெளியேறி இருகாபனேற்று காபனேற்றாக மாறுகிறது. சலவைச்சோடாவில் இருப்பதும் காபனேற்றுத்தான், 0.1 மூல் கரைசலில் பீஎச் 11.6 வரை போகும், கையில் படவிடாதீர்கள்.

இரண்டு பெற்றாரும் மென்மையானவர்கள் என்றால் மாறிலிகளை ஒப்பிடுங்கள். அமோனியம் அசற்றேற்றில் இரண்டும் சமம், பீஎச் 7. அமோனியம் காபனேற்றில் காபனேற்று வெல்லும், கரைசல் மூலம்.

பொறி வைக்கும் கேள்விகள் சில உண்டு. சோடியம் ஐதரசன் சல்பேற்று அமிலம்தான், ஆனால் அன்னயன் தன்னிடம் மிச்சமிருக்கும் ஐதரசனை நேரே விடுவதால். தம்பலகாமத்து வயலுக்குப் போடும் யூரியா உப்பே அல்ல, கரைந்தால் அயன் தராது. மண்ணில் நொதியம் அதை உடைத்து அமோனியா ஆக்கியபின்தான் பீஎச் ஏறும். அடுத்து கடல்நீர். கறியுப்பு நடுநிலை என்றால் கடல்நீர் மட்டும் ஏன் 8.1 அளவில்? அதிலுள்ள இருகாபனேற்றும் கொஞ்சம் காபனேற்றும்தான் காரணம். அதிகமாக இருக்கும் உப்பு பேசாமல் இருக்கிறது, குறைவாக இருப்பது பீஎச்சைத் தீர்மானிக்கிறது.

நியமிப்பில் (அமிலத்தையும் மூலத்தையும் அளந்து விட்டுச் சமனாக்கும் சோதனையில்) காட்டியைத் தெரிவு செய்யும்போதும் இதே கேள்விதான் உதவும். 0.1 மூல் வினாகிரியும் 0.1 மூல் சோடியம் ஐதரொட்சைட்டும் சமனாகும் புள்ளியில் குடுவையில் இருப்பது 0.05 மூல் சோடியம் அசற்றேற்று, பீஎச் 8.7. எனவே 8.3 இலிருந்து 10 வரை நிறம் மாறும் பினோத்தலீன். அமோனியாவுக்கு ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் இருப்பது அமோனியம் குளோரைட்டு, பீஎச் 5.3. அங்கே பினோத்தலீன் நேரத்தோடே நிறம் இழந்துவிடும், 4.4 இலிருந்து 6.2 வரை மாறும் மெதைல் சிவப்பை எடுங்கள்.